கொட்டு ஓடுது, பாட்டு நிக்குது

போன ஆடியில் அத்தை பந்தலூரிலிருந்து வந்து எங்களோடு பத்து நாள் இருந்தார். ஆடியில் பந்தலூர்ப் பக்கம் மழை விடாது. மலையின் இந்தப் பக்கம், கோத்தகிரியில், தூறலும் மிஸ்ட்டும்தான். துவைத்த துணி காயும் என்பதற்காகவே அந்த மாதம் இங்கே வந்துவிடுவார். ஒரு சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நான் போனில் ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மனின் ‘லோன்லி வுமன்’ போட்டிருந்தேன். ஒரு நிமிஷம் போயிருக்கும். கையை நிறுத்திவிட்டு, “எந்த வீட்டுல சாவு?” என்று கேட்டார்.

“சாவு இல்ல அத்த, ரெக்கார்டு. அமெரிக்காக்காரங்க 1959-ல வாசிச்சது.”

இன்னும் கொஞ்ச நேரம் காது கொடுத்தார். “கொட்டு ஓடுது, பாட்டு நிக்குது. நல்லா அழுறாங்க தம்பி” என்று சொல்லிவிட்டு மறுபடி பட்டாணியை எடுத்தார்.

இது போகிற போக்கில் சொன்ன பேச்சு அல்ல. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அங்கேயும் சரி, இங்கே அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயின் லயத்து வீடுகளிலும் சரி, சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு முதல் குரல் அத்தையுடையதுதான். தப்பு அடிக்கிறவர்கள் ஒரு வேகத்தில் போக, அதற்குள் சிக்காமல் தன் வரியை இழுத்து நிறுத்தத் தெரிந்தவர். தொழில் தெரிந்தவரின் தீர்ப்பு அது. அன்று ஓடிய இசைக்கு ஃப்ரீ ஜாஸ் என்று பேர். அதைப் பற்றி நான் படித்த எத்தனையோ பக்கங்களில் இவ்வளவு துல்லியமாக யாரும் சொல்லிப் பார்க்கவில்லை.

ஃப்ரீ ஜாஸ் என்றால் கூச்சல், ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பது, கணக்கு வழக்கில்லாத சத்தம் என்று ஒதுக்குகிறவர்கள் நிறைய. கேட்காமலே ஒதுக்குகிறவர்களை விட்டுவிடலாம். ஒரு தடவை கேட்டுப் பார்த்து, தலைவலித்து, நிறுத்திவிட்டவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் காதில் குறை இல்லை. எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

‘லோன்லி வுமன்’ ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். பில்லி ஹிக்கின்ஸ் சிம்பலில் வேகமான நடை ஒன்றை விடாமல் தட்டுகிறார். சார்லி ஹேடன் பாஸில் கம்பிகளைச் சேர்த்து மீட்டி, தம்பூரா போல அடியில் ஓர் இருட்டை விரிக்கிறார். அதற்கு மேலே ஆர்னெட்டின் ஆல்டோ சாக்ஸபோனும் டான் செர்ரியின் கார்னெட்டும் (டிரம்பெட் வகைக் கருவி) ஒரே மெட்டை வாசிக்கின்றன. மெட்டு மிக மெதுவாக நகர்கிறது. கீழே ஓடும் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதது போல. இரண்டு பேரும் வாசிப்பது ஒரே வரிதான், ஆனால் ஒட்டியும் ஒட்டாமலும். ஒப்பாரியில் ஒருத்தி இழுக்கும்போது இன்னொருத்தி மூச்சு வாங்கி அரை அடி பின்னால் வந்து சேருவாளே, அப்படி. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கடையில் வேலை பார்த்த நாட்களில், சாப்பாட்டு நேரத்தில் ஓவியக்கூடம் ஒன்றில் ஒரு பணக்காரப் பெண்ணின் படத்தைப் பார்த்ததாகவும், எல்லாம் இருந்தும் அந்த முகத்தில் அப்படி ஒரு தனிமை இருந்ததாகவும், அதிலிருந்துதான் இந்த மெட்டு வந்ததாகவும் ஆர்னெட் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவர் எதைக் கைவிட்டார் என்று புரிய வேண்டுமானால், அதற்கு முன் ஜாஸ் எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். இளையராஜா பாட்டைக் கிடாரில் பழகுகிற பையன்கள் வரிக்கு மேலே ஸி, ஏ மைனர், எஃப் என்று எழுதி வைத்துக்கொள்வார்களே, பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கிற அந்தக் கார்டுகள்தான் ஜாஸின் அஸ்திவாரம். பெரும்பாலும் 12 பார் (தாள அளவு) அல்லது 32 பார் கொண்ட ஒரு வட்டம். முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக, அதே கார்டு வரிசை அடியில் சுற்றிக்கொண்டிருக்க, மேலே தன் கற்பனையை வாசிப்பார். வட்டம் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து, நம் ஆவர்த்தனம் மாதிரி. 1940-களில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கிலஸ்பியும் இதன் வேகத்தை எங்கேயோ கொண்டுபோனார்கள். 1959 மே மாதத் தொடக்கத்தில் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பதிவு செய்தபோது கார்டுகள் மாறும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், கூட வாசித்த தேர்ந்த பியானோக்காரரே தடுமாறுவதை ரெக்கார்டில் கேட்கலாம். அந்தப் பாதை அதற்கு மேல் ஏற முடியாத உச்சி அது.

அதே மாதம் 22-ஆம் தேதி ஹாலிவுட்டில் ஆர்னெட் தன் நால்வரோடு உட்கார்ந்து ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ பதிவு செய்தார். ‘லோன்லி வுமன்’ அதில் முதல் பாட்டு. அந்தக் குழுவில் பியானோவே கிடையாது. இது சின்ன விஷயம் அல்ல. பியானோ இருந்தால் கார்டு இருக்கும், கார்டு இருந்தால் ஊதுகிறவருக்கு இந்த இடத்தில் இந்தச் சுரம் சரி, அது தப்பு என்று வேலி விழும். நம் ஊரிலும் இதற்குச் சமமான ஒரு சண்டை நடந்திருக்கிறது. 1940-ல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தள்ளிவைத்தது. கட்டைக்குக் கட்டை நின்றுவிடுகிற சுரத்தில் கமகம் எங்கே வரும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. 1971 வாக்கில்தான் அந்தத் தடை தளர்ந்தது. ஹார்மோனியத்தைத் தடுத்தது தப்பு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆர்னெட்டின் கவலையும் கிட்டத்தட்ட அதுதான். ஒரே சுரம் சந்தோஷத்தில் வரும்போது ஓர் உயரத்தில் நிற்கும், துக்கத்தில் வரும்போது இன்னோர் உயரத்தில் நிற்கும், இரண்டும் சரி என்று நம்பியவர் அவர். சாக்ஸபோன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருகிற கத்ரி கோபால்நாத், 1994-ல் வந்த ‘டூயட்’ படத்தில் நம்மையெல்லாம் உருக வைத்தவர், அந்தச் சாவிக் கருவியிலிருந்து உதட்டாலும் மூச்சாலும் கமகத்தை வரவழைத்தார். அவர் போன வழி வேறு, இலக்கணம் வேறு. சாவிக்கும் சாவிக்கும் நடுவில் இருக்கிற இடம்தான் உயிருள்ள இடம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

பித்தளை சாக்ஸபோன் வாங்க வசதி இல்லாத காலத்தில் வாங்கிய வெள்ளை பிளாஸ்டிக் ஆல்டோவோடு 1959 நவம்பரில் ஆர்னெட் நியூயார்க்கில் ‘ஃபைவ் ஸ்பாட்’ என்ற சின்ன இடத்தில் ஏறினார். இரண்டு வாரத்துக்கு என்று பேசியது இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. நகரத்து இசைக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். இசை நடத்துநர் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் வியந்து கொண்டாடினார். டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் கடுமையாகப் பேசினார். 48 வருஷம் கழித்து, 2007-ல், இதே மனிதருக்கு புலிட்சர் பரிசு கொடுத்தார்கள்.

கார்டை விட்டால் என்ன மிஞ்சும்? அத்தையின் பேச்சு இங்கேதான் எனக்கு உதவுகிறது. கொட்டும் பாட்டும் ஒன்றோடொன்று கட்டிப்போடப்படாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். இது நாம் அறியாத விஷயமா என்ன? நான் இருக்கிற இந்த ஊருக்குப் பேரே கோத்தர் என்ற பழங்குடியினரிடமிருந்து வந்தது. நீலகிரியில் அவர்களுக்கு ஏழு ஊர். மார்கழி, தை வாக்கில் அவர்களுடைய கோவில் விழாவில், வெளியாட்களும் வந்து பார்க்கலாம் என்கிற நாளில் போய் ஓரமாக நின்றிருக்கிறேன். கொள் என்று அவர்கள் சொல்லும் சீவாளிக் கருவியை, கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூச்சு முறியாமல் ஊதுவார்கள். கூடவே தப்பட்டையும் மற்ற கொட்டுகளும் கொம்பும். முதல் தடவை எனக்குக் கொள் ஒரு பக்கமும் கொட்டு ஒரு பக்கமும் போவதாகத்தான் பட்டது. கொட்டின் சுற்றை விரலில் எண்ணிக்கொண்டே கேட்டபோதுதான் சில இடங்களில் மட்டும் இரண்டும் வந்து தொட்டுக்கொண்டு பிரிவது பிடிபட்டது. கோத்தர் இசையோடு பல ஆண்டுகள் வாழ்ந்து ஆராய்ந்த ரிச்சர்ட் உல்ஃப் இதைத்தான் நங்கூரம் போடுகிற புள்ளிகள் என்கிறார். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே மெட்டு நீளும், சுருங்கும். தெய்வத்துக்கு வாசிப்பது வேறு, சாவுக்கு வாசிப்பது வேறு என்பதிலும் அவர்கள் கறாராக இருப்பார்கள்.

‘லோன்லி வுமன்’ கோத்தர் இசை அல்ல. ஒன்று இன்னொன்றிலிருந்து வந்ததும் அல்ல. தாளம் அடிக்கு அடி மெட்டைச் சுமந்தாக வேண்டும் என்று சினிமாப் பாட்டு நம்மைப் பழக்கியிருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு முன்னால் இருந்த காது நம் எல்லோரிடமும் இன்னும் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

“இது நம்ம ஆலாபனைதானே” என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. பாதிதான் சரி. தாளம் இல்லாமல், எழுதி வைக்காமல், அந்த நேரத்தில் பிறக்கிறது என்பது வரை சரி. ஆனால் தோடி பாட உட்கார்ந்தவர் தோடியை விட்டு வெளியே கால் வைக்க முடியாது. எந்தச் சுரத்தில் நிற்கலாம், எதை அசைக்க வேண்டும், எதைத் தொட்டும் தொடாமலும் விட வேண்டும் என்பதெல்லாம் நூற்றாண்டுகளாக முடிவானது. ஃப்ரீ ஜாஸில் அந்த ராகம் முன்கூட்டியே இல்லை. ஒருவர் ஒரு சின்னச் சங்கதியைப் போடுகிறார். அடுத்தவர் அதை எடுக்கிறாரா, மறுக்கிறாரா, தலைகீழாகத் திருப்பிக் கொடுக்கிறாரா, கேட்டும் கேட்காத மாதிரி கடக்கிறாரா என்பதில்தான் அடுத்த நிமிஷத்தின் இலக்கணம் உண்டாகிறது. அதனால் இந்த இசையில் வாசிக்கிற வேலையைவிடக் கேட்கிற வேலை பெரிது. மேடையில் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்பதைத்தான் நாம் கேட்கிறோம். யார் யாருக்குப் பதில் சொல்கிறார் என்று பின்தொடர ஆரம்பித்தால் சத்தம் பேச்சாக மாறிவிடும்.

இதைச் செய்து பார்க்க ஒரு நல்ல ரெக்கார்டு இருக்கிறது. 1960 டிசம்பர் 21-ஆம் தேதி ஆர்னெட் இரண்டு நால்வர் குழுக்களை ஒரே அறையில் உட்காரவைத்து, கிட்டத்தட்ட 37 நிமிஷம் நிறுத்தாமல் வாசிக்க வைத்தார். ‘ஃப்ரீ ஜாஸ்’ என்பதுதான் அந்த ரெக்கார்டின் பேர். இந்த இசை வகைக்கே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. ஸ்டீரியோவில் இடது காதில் ஆர்னெட், செர்ரி, ஸ்காட் லஃபாரோ, ஹிக்கின்ஸ். வலது காதில் ஃப்ரெடி ஹப்பர்ட், எரிக் டால்ஃபி, ஹேடன், எட் பிளாக்வெல். எட்டுப் பேரையும் ஒரே நேரத்தில் கேட்க முயன்றதுதான் நான் செய்த தப்பு. பிறகு ஒரு நாள் ராத்திரி இயர்போனின் இடது பக்கத்தை மட்டும் மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டேன். மறுநாள் வலதை மட்டும். மூன்றாம் நாள் இரண்டையும் மாட்டியபோது, ஒரு குழு சொல்வதை மற்றக் குழு எங்கே எடுத்துக்கொள்கிறது என்பது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இடையிடையே எல்லோரும் சேர்ந்து ஊதுகிற எழுதிவைத்த சின்னப் பகுதிகள் வரும். அவை தோட்டத்தில் நிரை மாறுகிற இடம் மாதிரி. அங்கே நிமிர்ந்து, அடுத்து யார் முன்னால் வருகிறார் என்று பார்த்துக்கொள்ளலாம். கோல்ட்ரேன் 1965 ஜூனில் தன்னையும் சேர்த்து 11 பேராகப் பதிவு செய்த ‘அசென்ஷன்’ இதே முறையில் கட்டியது: எல்லோரும் சேர்ந்து, பிறகு ஒருவர், மறுபடி எல்லோரும். 40 நிமிஷம். எனக்கு அது இன்னும் கனமாகத்தான் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் முடிவதில்லை. ஆனால் அந்த ஒரு தடவையை நான் விடமாட்டேன்.

கூட்டம் பயமுறுத்தினால் இரண்டே பேர் வாசிப்பதிலிருந்து தொடங்கலாம். இறப்பதற்கு ஐந்து மாதம் முன்பு, 1967 பிப்ரவரியில், கோல்ட்ரேன் டிரம்ஸ்காரர் ரஷீத் அலியை மட்டும் கூட்டிக்கொண்டு வாசித்த ‘இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்’ 1974-ல்தான் வெளிவந்தது. சின்ன மணிகளைக் குலுக்கித் தொடங்குவார்கள். பூஜையில் மணி அடித்ததும் கவனம் திரும்புவது போல நம் காதும் தானாகத் திரும்பும். பிறகு ஊதுவதும் அடிப்பதும் மட்டும்தான். தொலைந்துபோக வழியே இல்லை.

செசில் டெய்லரைப் பற்றி என்ன சொல்வது! பியானோவை வேண்டாம் என்று ஆர்னெட் தள்ளினால், இவர் அதே பியானோவைக் கொட்டாக்கினார். 88 சுருதி சேர்த்த கொட்டுகள் என்றே அவருடைய பியானோவைச் சொல்வார்கள். 1966-ல் வந்த ‘யூனிட் ஸ்ட்ரக்சர்ஸ்’ எனக்குப் பல வருஷம் பிடிபடவில்லை. பந்தலூரில் அத்தை வீட்டுத் தகரக் கூரையின் கீழே ஒரு மழை ராத்திரி படுத்திருந்தபோதுதான் வழி கிடைத்தது. கூரை மேல் விழுகிற மழைக்குத் தாளம் கிடையாது. ஆனால் அது ஒரே மாதிரியும் இருக்காது. வலுக்கும், சரசரவென்று ஓரமாக நகரும், சட்டென்று இளைக்கும், சாரலாகி நிற்கப்போகிறது என்று நினைக்கும்போது மொத்தமாகக் கொட்டும். துளியை யாரும் எண்ணுவதில்லை. அடர்த்தியைத்தான் கேட்கிறோம், அதுவும் சின்ன வயதிலிருந்து, தூக்கத்திலேயே. டெய்லரையும் அப்படிக் கேட்டேன். எந்தச் சுரம் என்று தேடாமல், எங்கே அடர்கிறது, எங்கே விலகுகிறது, விலகிய இடத்தில் யார் உள்ளே வருகிறார் என்று. கதவு திறந்துவிட்டது.

சாக்ஸபோன்காரர் ஆல்பர்ட் ஐலருக்கு வேறு காது வேண்டும். 1964 ஜூலையில் மூன்று பேராக வாசித்த ‘ஸ்பிரிச்சுவல் யூனிட்டி’ அரை மணி நேரம்கூட வராது. அதில் ‘கோஸ்ட்ஸ்’ என்ற மெட்டு இரண்டு தடவை வருகிறது. பிள்ளைகள் தெருவில் பாடுகிற மாதிரி அவ்வளவு எளிமையான மெட்டு. இரண்டு தடவை கேட்டால் நீங்களே முணுமுணுப்பீர்கள். அந்த மெட்டைச் சொல்லி முடித்த கையோடு குரலை உடைத்துவிடுகிறார். சாக்ஸபோன் அலறுகிறது, நடுங்குகிறது, தேம்புகிறது. கூட வாசிக்கிற டிரம்ஸ்காரர் சன்னி மர்ரே தாளமே அடிக்கவில்லை. சிம்பலில் ஓயாத ஒரு நடுக்கம் மட்டும். ஐலரின் தம்பி டான் ஐலர், அவர் டிரம்பெட் ஊதியவர், 1966-ல் ஒரு பேட்டியில் கேட்பவர்களுக்கு வழி சொன்னார்: சுரத்தில் கண் வைக்காதீர்கள், ஒலி போகிற பக்கம் மனசைக் கொண்டுபோங்கள் என்று. அத்தைக்கு ஐலரைப் பிடிக்கவில்லை. “குடிச்சிட்டு அழுற மாதிரி இருக்கு. நிறுத்து தம்பி” என்றார். நிறுத்திவிட்டேன். இதில் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் அழுகையில் தரம் பிரிக்கத் தெரிந்தவர் அவர் என்பதால் அந்தப் பேச்சை மறக்கவும் இல்லை.

எங்கள் வீட்டுக்குக் கீழே ஓர் ஓடை உண்டு. மழைக்காலத்தில் விடியலுக்கு முன் அங்கே சீகாரப் பூங்குருவி பாடும். கவலை இல்லாத ஒரு பையன் விசிலடித்தபடி பள்ளிக்கூடம் போகிற மாதிரி இருக்கும். வெள்ளைக்காரர்கள் அதற்கு அப்படியே பேரும் வைத்திருந்தார்கள். ஒரு மெட்டைத் தொடங்கும், பாதியில் மறந்ததுபோல விடும், வேறு எங்கோ எடுக்கும். ஹார்மோனியத்தில் அதைப் பிடிக்க முயன்றால் கட்டைகளுக்கு நடுவில் வழுக்கிவிடும். சாக்ஸபோனும் புல்லாங்குழலும் வாசித்த எரிக் டால்ஃபி இதையே சொல்லியிருக்கிறார். 1961 நவம்பரில் டவுன்பீட் பத்திரிகையில் ஒரு விமர்சகர் அவரையும் கோல்ட்ரேனையும் ‘ஜாஸுக்கு எதிரான இசை’ என்று எழுதினார். அடுத்த ஏப்ரலில் அதே பத்திரிகை இருவரையும் உட்காரவைத்துப் பதில் கேட்டது. டால்ஃபி கோபப்படவில்லை. வீட்டில் பயிற்சி செய்யும்போது வெளியே பறவைகள் கூவும், நான் நிறுத்திவிட்டு அவற்றோடு சேர்ந்து வாசிப்பேன் என்றார். நம் சுரங்களுக்கு நடுவே பறவைகளுக்குச் சுரம் உண்டு, இந்திய இசையிலும் அப்படி ஒரு குணம் இருக்கிறது என்றும் சொன்னார். அவருடைய ‘அவுட் டு லஞ்ச்’ 1964 பிப்ரவரியில் பதிவானது. கணக்காக எழுதி, கச்சிதமாக வாசித்த இசை அது. சுதந்திரம் என்றால் தயாரிப்பு இல்லாமை என்று நினைக்கிறவர்கள் அவசியம் கேட்க வேண்டும். அதே வருஷம் ஜூன் கடைசியில் பெர்லினில், 36 வயதில், நீரிழிவு நோயால் இறந்துபோனார். இறப்பதற்கு நான்கு வாரம் முன்பு ஹாலந்தில் பதிவான புல்லாங்குழல் வாசிப்பு ஒன்று இருக்கிறது. சீகாரப் பூங்குருவி பாடி ஓய்ந்த பிறகுதான் அதைப் போடுவேன்.

கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்த இசையோடு நேரடியாகவே ஒரு சொந்தம் உண்டு, பலருக்குத் தெரியாது. 1967 ஜூலையில் கோல்ட்ரேன் 40 வயதில் இறந்த பிறகு அவர் மனைவி ஆலிஸ் நான்கு பிள்ளைகளோடு உடைந்துபோயிருந்தார். அந்த நாட்களில் அவருக்குக் குருவாக வந்தவர் சுவாமி சச்சிதானந்தா. 1969-ல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் தொடக்க உரை ஆற்றினாரே, அவர்தான். பிறந்தது கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையம். இங்கிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிப் போனால் மூன்று மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். ஆலிஸ் 1970-ல் பதிவு செய்து 1971-ல் வெளியிட்ட ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ அவர் பேரில்தான். தம்பூரா சுருதி ஓட, பாஸ் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல, மேலே ஆலிஸின் ஹார்ப்பும் ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸபோனும். பயப்பட எதுவுமே இல்லாத இசை. யாராவது முதன்முதலாகக் கேட்க ஆசைப்பட்டால் இதைத்தான் கொடுக்கிறேன்.

சிகாகோவில் 1965-ல் கூடிச் சங்கம் அமைத்த இசைக்காரர்கள், சின்னச் சின்ன மணி, விசில், சேகண்டி எல்லாவற்றையும் மேடையில் பரப்பி, மௌனத்தையும் ஒரு கருவியாக வைத்துக்கொண்டார்கள். ரோஸ்கோ மிட்செல்தான் அவர்களில் எனக்கு நெருக்கமானவர். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோக் கலைஞர் விஜய் ஐயர் அவரோடு வாசித்து வளர்ந்தவர். ஜெர்மனியில் பீட்டர் பிராட்ஸ்மன் 1968 மேயில் தன்னையும் சேர்த்து 8 பேராகப் பதிவு செய்த ‘மெஷின் கன்’ பேருக்கு ஏற்றபடியே இருக்கும். முதல் நாளே அதைப் போட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

கேட்கிற முறையைப் பற்றி இன்னும் ஒன்று. மூன்று ரெக்கார்டை ஒரே நாளில் கேட்பதைவிட ஒரே பாட்டை மூன்று நாள் கேட்பது மேல். முதல் நாள் பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ஹேடன் மாதிரி பாஸ்காரர்கள் கைவிளக்கோடு முன்னால் நடக்கிறவர்கள். மெட்டு எங்கே போனாலும் அவர்கள் தரையைக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். மறுநாள் டிரம்ஸ். ஊதுகிறவர்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து இந்த அழுகை வந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. ஜாஸின் வேர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வயல்காட்டுக் கூவலிலும், தேவாலயப் பாட்டிலும், புளூஸிலும் இருக்கிறது. பருத்திக் காட்டில் ஒருவர் குரலை நீட்டிக் கூவுவார். தூரத்தில் இன்னொருவர் பதில் கூவுவார். கார்டும் கிடையாது, பாரும் கிடையாது. ஃப்ரீ ஜாஸ்காரர்கள் புதிதாக எதையோ கண்டுபிடித்தார்கள் என்பதைவிட, அந்தக் கூவலின் மேல் ஏறிக் கிடந்தவற்றை அப்புறப்படுத்தினார்கள் என்றே நான் கேட்கிறேன். அவர்களுடைய அடிமைமுறை வேறு, எங்கள் முன்னோரைக் கங்காணி கூட்டிப்போன கதை வேறு. இரண்டையும் ஒன்று என்று சொன்னால் இரண்டு பக்கத்துக்கும் அநியாயம். ஆனாலும் தோட்டத்தில் குனிந்தே நாள் கழித்தவர்கள் நிமிர்ந்து குரல் விட்டால் அது எப்படி இருக்கும் என்று அத்தைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், “அன்னைக்குப் போட்டியே, அந்த மாதிரி இன்னொண்ணு இருக்கா?” என்று கேட்டார். கோல்ட்ரேனின் ‘அலபாமா’ போட்டேன். கறாராகப் பார்த்தால் அது ஃப்ரீ ஜாஸ் அல்ல, அதன் வாசற்படி. 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாமில் கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்றில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். நவம்பர் 18-ஆம் தேதி கோல்ட்ரேன் இதைப் பதிவு செய்தார். பியானோவின் அடிச் சுரங்கள் தாளம் இல்லாமல் உறுமிக்கொண்டே இருக்கின்றன. சாக்ஸபோன் அதற்கு மேல் நின்று, பேசுகிற மாதிரி, வரி வரியாகச் சொல்கிறது. நடுவில் கொஞ்ச நேரம் தாளம் வந்து நடக்கிறது. மறுபடி நின்றுவிடுகிறது. கடைசியில் எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் மட்டும் அடியிலிருந்து பொங்கி எழுந்து அடங்குகிறது.

அத்தை முடியும் வரை ஒன்றும் பேசவில்லை. எதற்காக வாசித்தது என்று சொன்னேன்.

“எத்தன வயசு?”

“மூணு பேருக்கு 14. ஒருத்திக்கு 11.”

“பேரு என்னா?”

பேர் தெரியாமல் ஒப்பாரி சொல்ல முடியாது. எனக்குப் பேர்கள் தெரியும். ஆடி மே, சிந்தியா, கரோல், டெனிஸ். அத்தை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து. பிறகு, “இன்னொரு தடவ போடு” என்றார்.